வாடகைப் படகும் தூண்டிலும்: உல்லாச மீன்பிடிப்பால் கடல் குறைகிறதா?

விடுமுறைக்கு வந்தவர் அரை நாள் படகெடுத்து, நாலு மீன் பிடித்து, படம் எடுத்துக்கொண்டு ஊர் திரும்புகிறார். இவரால் கடலுக்கு என்ன வந்துவிடப் போகிறது? இழுவைப்படகுகள் டன் கணக்கில் அள்ளும்போது ஒற்றைத் தூண்டிலைக் குறை சொல்வானேன்? கேட்பதற்கு எளிய கேள்விதான். ஆனால் இதற்குச் சொல்லப்பட்டுவரும் பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. கடல் தீராது என்றவர்கள் உண்டு. தீரும், ஆனால் வலைக்காரரால்தான் என்றவர்கள் உண்டு. பிடித்த மீனை விட்டுவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்றவர்கள் உண்டு. கடலின் ஒரு பகுதியைப் பூட்டிவைப்பதே வழி என்றவர்களும் உண்டு.

இந்தப் பதில்களைப் பெரும்பாலும் ஒரே ஊரை வைத்து எடைபோடுவது இக்கட்டுரையின் நோக்கம். ஊர், அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத் தென்கோடியில் தீவுச் சங்கிலி முடியும் இடத்திலுள்ள கீ வெஸ்ட். 1912இல் தொழிலதிபர் ஹென்றி ஃபிளாக்லரின் ரயில் கடல்மேல் பாலங்கள் கட்டி அங்கே போய்ச் சேர்ந்தது. 1935ஆம் ஆண்டுப் புயல் அந்தப் பாதையை நொறுக்கியது. 1938இல் அதே தடத்தில் சாலை வந்தது. சாலையோடு கூட்டம் வந்தது. எழுத்தாளர் ஹெமிங்வே 1930களில் இங்கே குடியிருந்து ‘பிலார்’ என்ற தம் படகில் பெருமீன் வேட்டையாடியதும் ஊரின் பேரைப் பரப்பியது. ஒரு பக்கம் அட்லாண்டிக், மறுபக்கம் மெக்சிகோ வளைகுடா, இடையே பவளப் பார்கள். மீனுக்கும் பஞ்சமில்லை, மீன் பிடிக்க ஆசைப்பட்டு வருகிறவர்களுக்கும் பஞ்சமில்லை.

அங்கே வாடகைப் படகு மூன்று வகை. ஒரு குடும்பமோ நண்பர் கூட்டமோ மொத்தமாக அமர்த்திக்கொள்ளும் சார்ட்டர் படகு ஒன்று. இதில் உரிமம் பெற்ற கேப்டன் இருப்பார், பெரும்பாலான சிறு படகுகளில் ஆறு பேருக்குமேல் ஏற்றக்கூடாது. தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு பலரை ஏற்றி, படகின் விளிம்பைச் சுற்றி வரிசையாக நிற்கவைத்துத் தூண்டில் போடவிடும் பெரிய படகு இரண்டாவது. ஓட்டுநர் இல்லாமல் சாவியை மட்டும் கையில் கொடுத்து அனுப்புவது மூன்றாவது. இந்த மூன்றையும் ஒரே பெயரில் சேர்த்துப் பேசுவதாலேயே விவாதம் பல நேரம் தடம் மாறுகிறது.

தீராத கடல் என்ற நம்பிக்கை

முதல் பதிலின் வேர் சட்டத்தில் இருக்கிறது. டச்சு அறிஞர் ஹூகோ குரோட்டியஸ் 1609இல் கடல் யாருக்கும் சொந்தமாக முடியாது என்று வாதிட்டபோது, ஒருவர் பயன்படுத்துவதால் இன்னொருவருக்குக் குறையாத பொருள் அது என்பதை ஒரு காரணமாகக் காட்டினார். அறிவியல் இதற்கு முத்திரை குத்தியது 1883இல். லண்டன் மீன்வளக் கண்காட்சியில் பேசிய உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி, காட், ஹெர்ரிங், கானாங்கெளுத்தி போன்ற பெருங்கடல் மீன்வளங்கள் தீர்ந்துபோகா என்றார். இதற்காக அவரை இன்றுவரை கேலி செய்கிறார்கள். அது முழு நியாயம் அல்ல. அன்றைய மீன்பிடி முறைகளை வைத்துத்தான் அவர் அப்படிச் சொன்னார். ஆற்று சால்மனும் சிப்பிப் படுகைகளும் தீரக்கூடியவை என்று விலக்கும் கொடுத்திருந்தார். கரையோரப் பார்களில் ஒரே இடத்தில் வாழும் மீன்களை அந்த விலக்கில் சேர்த்துப் பார்த்திருந்தால், பின்னால் வந்தவர்களுக்கு அவர் பேச்சு இவ்வளவு வசதியாக இருந்திருக்காது.

உல்லாச மீன்பிடிப்பாளர்கள் இந்த நம்பிக்கையோடு ஓர் ஒழுக்கத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். கலிஃபோர்னியாவின் சாண்டா கேட்டலினா தீவில் உள்ள அவலான் என்ற விடுமுறை ஊரில், 1898இல் சார்லஸ் ஃபிரெடெரிக் ஹோல்டர் தலைமையில் ‘டூனா கிளப்’ தொடங்கியது. கைக்கயிற்றில் கண்மண் தெரியாமல் மீனை இழுத்துப்போடுவது வீரமல்ல. மெல்லிய கயிறும் ராடும் வைத்துப் போராடிப் பிடிப்பதே விளையாட்டு என்பது அதன் விதி. 1939இல் தோன்றிய சர்வதேச மீன்பிடி விளையாட்டுச் சங்கம் கயிற்றின் வலிமை வாரியாக உலக சாதனைப் பட்டியலையே வைத்தது. மீனுக்கும் தப்பிக்க ஒரு வாய்ப்பு இருக்கவேண்டும் என்ற இந்த எண்ணம் உயர்ந்ததுதான்.

ஆனால் அதில் இரண்டு ஓட்டைகள். அது ஒருவர் எப்படிப் பிடிக்கவேண்டும் என்று சொன்னதே தவிர, எத்தனை பேர் பிடிக்கலாம் என்று சொல்லவில்லை. அடுத்து, மிகப் பெரிய மீனுக்கே பரிசு கொடுத்தது. மீனில் பெரியதுதான் வித்து. 61 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு செஞ்சங்கரா இடும் முட்டைக்கு, 42 சென்டிமீட்டர் நீளமுள்ள 212 மீன்கள் ஈடு என்பது மீன்வளத் துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் கணக்கு. களவா இனத்தில் பலவும் பெண்ணாக வாழ்வைத் தொடங்கிப் பெருத்தபின் ஆணாக மாறுபவை. பெரியதைப் பொறுக்கி எடுத்தால் ஆண்களே அருகிப்போகும். சாதனைப் பட்டியலுக்கு எடைபோட மீன் கரைக்கு வந்தாகவேண்டும் என்ற நிலை, நீளத்தை அளந்துவிட்டு விடுவிக்கும் வகைச் சாதனைகள் பின்னாளில் சேர்க்கப்பட்டபோதுதான் ஓரளவு மாறியது.

பலகையில் தொங்கிய மீன்கள்

கீ வெஸ்ட் படகுத்துறையில் ஒரு வழக்கம் உண்டு. படகு திரும்பியதும் அன்றைய மீன்பாட்டைப் பெயர்ப்பலகையில் வரிசையாகத் தொங்கவிடுவார்கள். காசு கொடுத்தவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் படங்கள் ஊர் நூலகத்தில் சேர்ந்து கிடந்தன. லோரன் மெக்ளெனகன் என்ற ஆய்வாளர் அவற்றிலிருந்த மீன்களை இனம் பிரித்து, நீளம் கணித்து, 2007இல் அதே துறையில் தாம் பார்த்த மீன்களோடு ஒப்பிட்டார். முடிவு 2009இல் வெளியானது.

1956க்கும் 1960க்கும் இடைப்பட்ட படங்களில் மீனின் சராசரி எடை 19.9 கிலோ. 2007இல் 2.3 கிலோ. முன்னதில் ஆளுயரக் களவாக்களும் சராசரியாக ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளமுள்ள சுறாக்களும் தொங்குகின்றன. பின்னதில் பெரும்பாலும் 34 சென்டிமீட்டர் அளவுள்ள சங்கரா வகைகள். சுறாக்களின் சராசரி நீளமும் பாதிக்குமேல் குறைந்துவிட்டது.

இந்த எண்களைவிடச் சிந்திக்கவைப்பது வேறொன்று. மீன் சுருங்கிய அளவுக்குப் படகுக் கட்டணம் சுருங்கவில்லை. 2007இல் நின்றவர்களும் 1957இல் நின்றவர்களைப் போலவே சிரிக்கிறார்கள். முன்பு எப்படி இருந்தது என்று அறியாதவருக்கு, கண்ட அளவே இயல்பான அளவு. மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில், ஒவ்வொரு தலைமுறையும் தான் முதலில் கண்ட கடலையே அளவுகோலாக எடுத்துக்கொள்கிறது என்று எச்சரித்தது மீன்வள அறிஞர்களை நோக்கி. சுற்றுலாப் பயணிக்கு அது இன்னும் பொருந்தும். அவருக்குத் தலைமுறைகூட வேண்டாம், அவர் பார்த்தது ஒரே ஒரு காலைப்பொழுது. மீன் குறைந்தால் வாடிக்கையாளர் குறைவார், படகுக்காரர்கள் தாமாகவே திருந்திவிடுவார்கள் என்று சந்தையை நம்பியவர்களின் வாதம் இங்கே பலவீனப்படுகிறது.

படச் சாட்சிக்கும் வரம்பு உண்டு. படம் எடுப்பவர் சிறந்ததையே காட்டுவார். ஆனால் இது எல்லாக் காலத்துக்கும் பொது. இதைவிடக் கனமான ஆட்சேபம், கோலியாத் களவாவைப் பிடிக்க 1990இல் தடை வந்துவிட்டது என்பது. எனவே 2007ஆம் ஆண்டுப் பலகையில் அது இல்லாதது கடலின் நிலையையும் சட்டத்தையும் சேர்த்தே காட்டுகிறது. அந்தப் பார்களில் வணிக மீனவர்களும் பிடித்தார்கள், பவளமே நலிந்துவிட்டது. பழி யாருக்கு எவ்வளவு என்று படங்கள் பிரித்துச் சொல்லா. இருந்தாலும் அவை தனிச் சாட்சி அல்ல. ஆல்ட், போன்சாக் குழுவினர் 1998இல் வெளியிட்ட மதிப்பீடு, அந்தத் தீவுகளின் 16 களவா வகைகளில் 13உம், 13 சங்கரா வகைகளில் 7உம் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டுவிட்டதாகச் சொன்னது. வேறு வழியில் போய் ஏறத்தாழ அதே இடத்துக்கு வந்த முடிவு அது.

யார் பங்கு எவ்வளவு?

“வலைக்காரரோடு ஒப்பிட்டால் நாங்கள் துரும்பு” என்பது உல்லாச மீன்பிடிப்பாளர்களின் பழைய வாதம். மொத்த எடையைப் பார்த்தால் அது சரி. ஃபெலிசியா கோல்மன் குழுவினர் 2004இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட கணக்கின்படி, 2002இல் அமெரிக்கக் கடல்மீன் பிடிப்பில் உல்லாசப் பிடிப்பின் பங்கு 4 விழுக்காடு. தொழிற்சாலைக்குப் போகும் மலிவு மீன்களைக் கழித்தால் 10. ஆனால் நலிந்து கவலைக்கிடமான இனங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் நாடு முழுவதிலும் 23. மெக்சிகோ வளைகுடாவில் 64. எந்த மொத்தத்தை எதனால் வகுக்கிறோம் என்பதிலேயே தீர்ப்பு மாறிவிடுகிறது. சுற்றுலாப் பயணி கடல் முழுவதும் தூண்டில் போடுவதில்லை. கரைக்கு அருகில், பார்களில், மெதுவாக வளர்ந்து நெடுநாள் வாழும் மீன்களின்மேல்தான் போடுகிறார். இதனால் இந்த 64தான் பொருத்தமான எண் என்று கொள்ள இடமிருக்கிறது. எதிர்வாதம், அந்தப் பட்டியலில் எந்த இனங்களைச் சேர்ப்பது என்பதே தேர்வுக்கு உட்பட்டது என்பது. அதையும் தள்ளிவிட முடியாது.

உலகளவில் குக், கவுக்ஸ் ஆகியோர் அதே 2004இல், ஆண்டுக்கு ஏறத்தாழ 4,700 கோடி மீன்கள் உல்லாசத் தூண்டிலில் சிக்குவதாகவும், அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு விடப்படுவதாகவும் மதிப்பிட்டார்கள். கனடாவின் தரவை உலகத்துக்கே விரித்துப் போட்ட கணக்கு அது. அளவின் வீச்சைச் சொல்ல உதவும். அதை வைத்துக் கொள்கை வகுக்க முடியாது.

எண்ணுவதே இங்கே பெரும் சிக்கல். வணிக மீன் ஏலக்கூடத்துக்கு வந்தாக வேண்டும். அங்கே எடைச்சீட்டு இருக்கும். உல்லாச மீன் நேராக வாணலிக்குப் போகிறது. அமெரிக்க அரசு பல காலம் வீடுகளுக்குத் தொலைபேசி செய்து, துறையில் நின்று கேட்டு, இரண்டையும் பெருக்கி மதிப்பிட்டது. 2006இல் தேசிய ஆய்வு மன்றம் இந்த முறையின் குறைகளைக் கடுமையாகச் சுட்டியது. தொலைபேசிக்குப் பதில் அஞ்சல் வினாத்தாள் வந்தபோது, 2018இல் பழைய மதிப்பீடுகள் திருத்தப்பட்டுப் பல இடங்களில் பெருமளவு உயர்ந்தன. 2023இல் இன்னொரு திருப்பம்: வினாக்களின் வரிசையை மாற்றிக் கேட்டால் பதில்கள் 30 முதல் 40 விழுக்காடு குறைகின்றன என்று அரசின் முன்னோட்ட ஆய்வே ஒப்புக்கொண்டது. எந்தக் கேள்வியை முதலில் கேட்பது என்பதைப் பொறுத்து லட்சக்கணக்கான மீன் தோன்றி மறைந்தால், அந்த எண்ணை நம்பி ஒருவரின் பிழைப்பை நிறுத்துவது கடினம். உல்லாசத் தரப்பு இதைச் சொல்லும்போது அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான வணிக மீனவருக்குள்ள எடைச்சீட்டுக் கடமையைத் தம்மேல் ஏற்றிக்கொள்ள அதே தரப்பில் பலர் முன்வராததும் உண்மை.

பிடித்து, விட்டுவிடுவது

அப்படியானால் பிடித்த மீனை விட்டுவிட்டால்? இருபதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இதுவே நல்ல தூண்டில்காரரின் அடையாளமாகியது. கீ வெஸ்டைச் சுற்றியுள்ள ஆழமற்ற வெளிகளில் டார்பன், போன்ஃபிஷ் பிடிக்க வருபவர்கள் ஏறத்தாழ எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள். வழிகாட்டிக்குக் கொடுக்கும் நாள் கட்டணம் மீனின் சந்தை விலையைவிடப் பல மடங்கு. உயிரோடு இருக்கும் மீனே ஊருக்கு வருமானம் என்ற வாதம் இங்கே மெய்ப்படுகிறது.

ஆழத்தில் கதை வேறு. ஐம்பது அறுபது மீட்டர் ஆழத்திலிருந்து சட்டென்று மேலே இழுக்கப்படும் களவா, சங்கராவின் காற்றுப்பை ஊதிவிடுகிறது. வயிறு வாய்வழி பிதுங்குகிறது. கண் வெளியே தள்ளுகிறது. விட்டாலும் கீழே போக முடியாமல் மேல்மட்டத்தில் மிதந்து பறவைக்கோ சுறாவுக்கோ இரையாகும். இதற்காக மீனை எடை கட்டிக் கீழே இறக்கிவிடும் கருவியோ காற்றை வெளியேற்றும் ஊசியோ படகில் தயாராக இருக்கவேண்டும் என்று வளைகுடாவில் பார் மீன் பிடிப்போருக்கு 2022இல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சிச் சட்டம் கட்டளையிட்டது. பார்த்தாலமியூ, போன்சாக் ஆகியோர் 2005இல் 53 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, விடப்பட்டபின் சாகும் மீன்களின் விகிதம் சராசரியாக 18 விழுக்காடு; ஆனால் வீச்சு பூஜ்யத்திலிருந்து 95 வரை. சராசரியைவிட இந்த வீச்சுதான் செய்தி. முள் எங்கே குத்தியது, நீர் எவ்வளவு சூடு, மீன் எவ்வளவு நேரம் போராடியது, அவிழ்த்தவர் கை பழகியதா என்பதெல்லாம் அதில் அடங்கியிருக்கிறது. முதல் தடவை ராடைப் பிடித்த பயணியிடம் சிக்கிய மீனின் உயிர் பெரும்பாலும் படகின் உதவியாளர் கையில்.

இதன் எதிர்முனையில் வேறொரு வாதம்: உண்ண வேண்டாத மீனை விளையாட்டுக்காக வதைப்பதே தவறு. லின் ஸ்னெடன் 2003இல் டிரவுட் மீன்களின் உதட்டில் தேனீ விஷமும் அசிட்டிக் அமிலமும் செலுத்தி, அவை உதட்டைத் தேய்ப்பதையும் உணவைத் தவிர்ப்பதையும் பதிவுசெய்தார். வலியை உணரத் தேவையான மூளைப்புறணி மீனுக்கு இல்லை என்று ஜேம்ஸ் ரோஸ் மறுத்தார். சண்டை இன்னும் ஓயவில்லை. அறிவியல் முடிவுக்குக் காத்திராமல் சட்டம் சில நாடுகளில் முந்திக்கொண்டது: தக்க காரணமின்றி விலங்குக்கு வலி தரக்கூடாது என்ற ஜெர்மானியச் சட்டமும், விடும் நோக்கத்தோடே பிடிப்பதைத் தடுக்கும் சுவிஸ் விதியும் இதன் வழி வந்தவை. ஃபுளோரிடாவில் சட்டம் விடச் சொல்லும் மீனை ஜெர்மனியில் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லலாம் என்பது இந்தத் துறையின் விநோதம்.

வலை, தூண்டில், வாக்குச்சீட்டு

யாரை நிறுத்துவது என்பதில்தான் அரசியல் நுழைகிறது. ஃபுளோரிடாவில் 1994இல் வாக்காளர்கள் 72 விழுக்காடு ஆதரவோடு மாநில அரசியல் சட்டத்தையே திருத்தி, மாநிலக் கடலெல்லைக்குள் செவுள்வலைகளைத் தடைசெய்தார்கள். 1995 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. இயக்கத்தை முன்னின்று நடத்தியவர்களில் உல்லாச மீன்பிடிப்பு அமைப்புகளும் அவர்களது பத்திரிகையும் முக்கியமானவை. தலைமுறையாக மடவை பிடித்த குடும்பங்கள் வலையை அரசுக்கு விற்றுவிட்டு வேறு வேலை தேடின. விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் நடக்கும் தகராறையே அறிந்த நமக்கு, சிறு வலைக்காரரை விளையாட்டுத் தூண்டில்காரர் வாக்குப்பெட்டி வழியே வெளியேற்றியது புதிதாகத் தோன்றலாம். மடவை பெருகியது என்று தடையின் ஆதரவாளர்கள் காட்டுகிறார்கள். அதே கட்டுப்பாடு தூண்டிலுக்கு ஏன் இல்லை என்று இழந்தவர்கள் கேட்கிறார்கள். இரண்டுமே நியாயமான பேச்சு. இரண்டாவதற்கு இதுவரை நேரான பதில் கிடைத்ததாகத் தெரியவில்லை.

வளைகுடாவின் செஞ்சங்கரா வழக்கு இன்னும் தெளிவான பாடம். வணிகத் தரப்புக்கு 51, உல்லாசத் தரப்புக்கு 49 என்று ஒதுக்கீடு. 2007இல் வணிகப் படகுகளுக்குத் தனித்தனிப் பங்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. அதன்பின் அவர்கள் தம் ஒதுக்கீட்டை மீறுவது பெரும்பாலும் நின்றது. உல்லாசத் தரப்புக்கு ஆள் எண்ணிக்கையில் வரம்பில்லை; எனவே நாள்களைக் குறைத்தார்கள். இங்கேதான் முரண்: மீன்வளம் மீண்டு மீனும் பருத்ததால் எடை ஒதுக்கீடு விரைவாகத் தீர்ந்தது, மாநிலங்கள் தம் எல்லைக்குள் நீண்ட நாள் அனுமதித்ததும் அதே ஒதுக்கீட்டைத் தின்றது. 2017இல் தனியார் படகுகளுக்குக் கூட்டாட்சிக் கடலில் மூன்றே நாள் என்று அறிவிக்கப்பட்டது. எழுந்த கூச்சலில் அமெரிக்க அரசின் வணிகத் துறை மேலும் 39 நாள்களைச் சேர்த்தது. மூன்று நாளுக்குள் எல்லோரும் ஒரே நேரத்தில் கடலில் இறங்கவேண்டும், காற்றடித்தாலும் போகவேண்டும். மீனைக் காக்க ஆளைப் பதறவைக்கும் ஏற்பாடு அது.

இதற்கிடையில் 2015இல் சார்ட்டர் படகுகளைத் தனியார் படகுகளிலிருந்து பிரித்து, உல்லாசப் பங்கில் 42.3 விழுக்காட்டை அவற்றுக்கு ஒதுக்கினார்கள். எதிர்ப்பு பலமாக வந்தது: சொந்தப் படகு வைத்திருப்பவரின் மீனைக் கேப்டன்களுக்குத் தாரைவார்ப்பதா என்று. கேப்டன்கள் சொன்ன மறுமொழி கூர்மையானது. சொந்தப் படகு வாங்க வசதியில்லாத, கடலோரத்தில் வாழாத கோடிக்கணக்கானவர்கள் மீன் பிடிக்க ஒரே வழி வாடகைப் படகு. எங்கள் பங்கு உண்மையில் அவர்கள் பங்கு என்றார்கள். தன்னலம் கலந்த வாதமானாலும் அதில் உண்மை இருக்கிறது.

உச்சவரம்பு யாருக்கு?

திறந்து கிடக்கும் பொதுவளத்தில் ஆதாயம் இருக்கும்வரை ஆள் சேர்ந்துகொண்டே இருப்பார்கள், ஆதாயம் கரையும்வரை என்று பொருளியலாளர் ஸ்காட் கார்டன் 1954இல் காட்டினார். அது வணிக மீன்பிடிப்புக்குச் சொன்னது. உல்லாசத்தில் ஆதாயம் பணமல்ல, மகிழ்ச்சி. அது மீன் குறைந்தாலும் கரைவதில்லை என்பதை மேலே பார்த்தோம். எனவே நிறுத்தும் விசை இன்னும் பலவீனம். கனடாவின் ஏரிகளை ஆராய்ந்த ஜான் போஸ்ட் குழுவினர் 2002இல் இதையே கண்ணுக்குத் தெரியாத சரிவு என்று எச்சரித்தார்கள்.

பொதுவளங்களை ஆராய்ந்த எலினார் ஆஸ்ட்ரம் இதற்கு எதிராக நம்பிக்கையான ஒரு சான்றைத் தந்தவர். துருக்கியின் அலன்யா என்ற கடற்கரை ஊரில் சிறு மீனவர்கள் தாமே சீட்டுக் குலுக்கி மீன்பிடி இடங்களைச் சுழற்சி முறையில் பங்கிட்டுக்கொண்டதை அவர் 1990இல் விரிவாக எழுதினார். அங்கே எல்லோரும் எல்லோரையும் அறிவார்கள், நாளைக்கும் அதே கடலுக்கு வருவார்கள். விடுமுறைப் பயணிக்கு நாளை இல்லை. ஆகவே அவரை ஊர்க்கட்டுப்பாடு பிடிக்காது. ஆனால் அவரை ஏற்றிச்செல்லும் கேப்டனைப் பிடிக்கும். வாடகைப் படகைத் தொல்லையின் மூலமாக மட்டும் பார்ப்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

சட்டமும் இதை அரைகுறையாகவே கண்டுகொண்டிருக்கிறது. வளைகுடாவின் கூட்டாட்சிக் கடலில் பார் மீன் பிடிக்கும் சார்ட்டர் படகுகளுக்குப் புதிய உரிமம் தருவது 2003இல் நிறுத்தப்பட்டு, 2006இல் அது காலவரையறையின்றி நீட்டிக்கப்பட்டது. தென் அட்லாண்டிக் பக்கத்தில் அப்படியான உச்சவரம்பு நீண்ட காலமாக இல்லை. கீ வெஸ்ட் இந்த இரண்டு நிர்வாகங்களும் சந்திக்கும் எல்லையில் இருக்கிறது. தனியார் படகுக்கும் சாவி கொடுத்தனுப்பும் படகுக்கும் இரு பக்கமும் எண்ணிக்கை வரம்பு கிடையாது. யாருடைய மீன்பாட்டை எளிதில் எண்ண முடியுமோ அவருக்கு வரம்பு. யாரை எண்ண முடியாதோ அவருக்குத் திறந்த கதவு.

சாவிப் படகின் கேடு மீனோடு நிற்பதில்லை. ஆழம் தெரியாமல் மேட்டில் ஏற்றி, விசையைக் கூட்டி வெளியேற முயல்பவரின் சுழலி கடற்புல்லை வேரோடு உழுதுவிடும். ஆமைப்புல் அந்தத் தழும்பை மூட ஆண்டுகள் பிடிக்கும். 1995இல் வெளியான மாநில ஆய்வு, கீ வெஸ்ட் அடங்கிய மன்ரோ கவுண்டியில் 30,000 ஏக்கருக்கு மேற்பட்ட கடற்புல் வெளியில் இந்தத் தழும்புகளைக் கண்டது. அந்தப் புல்தான் சங்கராக் குஞ்சுகளின் வளர்ப்பிடம். இப்போது ஃபுளோரிடாவில் 1988 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்களுக்கு 10 குதிரைத்திறனோ மேலோ உள்ள படகை ஓட்டப் பயிற்சிச் சான்று வேண்டும். பயணிகள் தற்காலிகச் சான்று பெறலாம், அது 90 நாள் செல்லும். வாடகை நிறுவனங்களுக்கு 2023 முதல் அனுமதிச்சீட்டும் கட்டாயம். இவை விபத்தை எண்ணி வந்த சட்டங்கள். மேட்டையும் புல்லையும் காப்பது அவற்றின் முதல் நோக்கம் அல்ல.

பூட்டிய கடல்

மீன் பிடிக்கவே கூடாத இடங்களை ஒதுக்குவது கடைசிப் பதில். கீ வெஸ்டுக்கு மேற்கே ஏறத்தாழ 70 மைலில் உள்ள டார்டுகாஸ் பகுதியில் 2001இல் 151 சதுரக் கடல்மைல் மூடப்பட்டது. வணிக மீனவர், தூண்டில்காரர், முக்குளிப்போர், அறிஞர் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து வரைந்த எல்லை அது. முட்டையிடக் கூடும் இடத்திலேயே பிடித்துத் தீர்க்கப்பட்டிருந்த மட்டன் சங்கரா, ரைலிஸ் ஹம்ப் என்ற மேட்டில் சில ஆண்டுகளில் மீண்டும் கூடத் தொடங்கியது. 2013இல் வந்த மதிப்பீடு, மூடியதால் மீனவர்களுக்குப் பொருள் நட்டம் நேர்ந்ததாகத் தெரியவில்லை என்றது.

வெற்றிதான், ஆனால் எங்கே என்பதையும் பார்க்கவேண்டும். அரை நாள் வாடகைப் படகு எட்டாத தொலைவில். ஊருக்கு அருகே அதே அளவில் மூடினால் படகுகள் மிச்ச இடத்தில் நெருங்கும். அங்கே அழுத்தம் கூடும். மூடிய பரப்பு கடலைக் காக்கிறதா, அல்லது தூண்டில்களை இடம் மாற்றுகிறதா என்பது சுற்றியுள்ள படகுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. மீண்டும் அதே எண்ணிக்கைக்கு வந்து நிற்கிறோம்.

எங்கே நிற்கிறோம்

பொழுதுபோக்குத் தூண்டிலால் பார் மீன்கள் குறையக்கூடும் என்பதை இனி மறுப்பது கடினம். எவ்வளவு குறைந்தது, அதில் வணிக மீன்பிடிப்பின் பங்கென்ன, பவளச் சிதைவின் பங்கென்ன என்பது பிரித்தறியப்படவில்லை. நம்பகமான எண்ணிக்கை வரும்வரை பிரித்தறியவும் முடியாது. விட்டுவிடுவது ஆழமற்ற வெளியில் பெருமளவு பலிக்கிறது, ஆழத்தில் ஓரளவே. மூடிய பரப்பு பலிக்கிறது, தொலைவில் இருக்கும்போது.

இதுவரை வந்த விதிகளில் பெரும்பாலானவை, ஒருவருக்கு எத்தனை மீன், எவ்வளவு நீளம், எந்த முள் என்று ஒருவரையே பார்த்தன. எத்தனை ஒருவர்கள் என்பதைத் தொட அஞ்சின. மான் வேட்டைக்கும் சில ஆறுகளின் சால்மனுக்கும் குலுக்கல் முறையில் உரிமம் தரும் வழக்கம் அமெரிக்காவில் பழகியதுதான். கோலியாத் களவாவுக்கு 2023இல் ஃபுளோரிடா அதையே செய்தது: ஆண்டுக்கு 200 உரிமம், ஆளுக்கு ஒரு மீன், பெரியதைத் தொடக்கூடாது. மற்ற பார் மீன்களுக்கு அது பொருந்துமா, விடுமுறைக்கு வருபவர் அதை ஏற்பாரா, ஊரின் வருமானம் தாங்குமா என்பவை திறந்த கேள்விகள். உரிமம் ஏலத்துக்குப் போனால் கடல் பணக்காரர் சொத்தாகும் என்ற அச்சமும் புறக்கணிக்கத் தக்கதல்ல.

செலவு குறைந்த முதல் படி ஒன்று உண்டு: கேப்டன் இருக்கும் படகிலும் சாவிப் படகிலும் ஏறும் ஒவ்வொருவரின் மீன்பாட்டையும், விட்டதையும் சேர்த்து, துறையிலேயே பதிவு செய்வது. வளைகுடாவின் சார்ட்டர் படகுகளிடம் இதைக் கேட்ட கூட்டாட்சி விதியை 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. படகில் இருபத்துநான்கு மணி நேரமும் இருப்பிடம் காட்டும் கருவி பொருத்தச் சொன்னதே வழக்கின் மையம். கருவியைக் கைவிட்டுப் பதிவேட்டை மட்டும் வைத்திருந்தால் அது நின்றிருக்கக்கூடும்.